வட்டமேசையும் படுகளமும்

வீரர் கதைகளை ஆராயப் புகுவோர், அவ்வீரன் எக்காலத்தவன், எக்குலத்தவன், உண்மையில் வாழ்ந்தவனா, கற்பனையிற் பிறந்தவனா என்னும் வினாக்களையே முதற்கண் எழுப்புவது வழக்கம். அவை வேண்டாத வினாக்கள் அல்ல. ஆயினும் அவற்றினும் சமுதாய முக்கியத்துவம் வாய்ந்த வினா ஒன்று பெரும்பாலும் கேட்கப்படாமலே போய்விடுகிறது. மாண்டுபோன வீரனின் வேடத்தைப் பின்வந்தோருள் எவர் பூண்டனர்? எவருக்கு அது கிட்டவில்லை?

இவ்வினாவை எம்முன் வைத்தது நூல் எதுவும் அன்று. எமது மாணவரின் விளையாட்டு. கண்டி நகரில் நாம் கற்பிக்கும் பாடசாலையில், உயர்தர வகுப்பு மாணவர் அறுவர் பாடம் முடிந்த பின்னர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, தாள்களில் ஏதோ எழுதுவதும் பகடை உருட்டுவதுமாய் இருந்தனர். சூதாட்டம் என்றே முதலிற் கருதினோம். ஆசிரியர்க்குரிய கடுமையோடு அணுகினோம். சூதன்று. ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகத் தம்மைப் பாவித்துக்கொள்கின்றனர். ஒருவர் கதையை நடத்திச் செல்கிறார். ஏனையோர் தத்தம் பாத்திரம் அடுத்து என்ன செய்யும் என்பதைச் சொல்கின்றனர். அச்செயல் வெற்றி பெறுமா என்பதைப் பகடை தீர்மானிக்கிறது. மேடையில்லாத கூத்து என்று சொல்லிவிடலாம். ஆதர் மன்னனின் வட்டமேசை வீரர்களான லான்சலொட்டும் கவெய்னும் அன்று எமது வகுப்பறை மேசையைச் சுற்றி அமர்ந்திருந்தனர்.

"உங்களுக்கென்று வீரர் எவரும் இல்லையா?" என்று கேட்டோம். தமிழாசிரியர் எவரும் கேட்கக்கூடிய கேள்விதான். அதில் எமக்குப் பெருமை இல்லை. ஆனால் மாணவர் அதைப் பொருட்படுத்தினர். இரண்டு வாரத்தின் பின் பொன்னரையும் சங்கரையும் தாள்களில் வடித்துக் கொணர்ந்தனர். சங்கருக்குரிய தாளில் வலிமை, அறிவு, தாங்குதிறன் ஆகியவற்றுக்கு எண்கள் இடப்பட்டிருந்தன. அதன் கீழே 'உடைமைகள்' என்றொரு கட்டம். அக்கட்டத்தில் 'வாள், குதிரை, சாம்புவன்' என்று எழுதப்பட்டிருந்தது.

அறுவருள் ஒருவன் கலஹாப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வருபவன். அவன் அத்தாளை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "சேர், எங்க தாத்தா சாம்புவன் வேசம் கட்டினவரு" என்றான்.

சாம்புவன் யார் என்பதைச் சொல்லுமுன், இவ்விளையாட்டின் வரலாற்றையும் அதற்கு முற்பட்ட வரலாற்றையும் சிறிது நோக்குவோம்.

மேசையைச் சுற்றியமர்ந்து வேடமேற்கும் இவ்விளையாட்டு, அச்சிட்ட விதிகளோடு 1974 இல் அமெரிக்காவில் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்னும் இருவர் ஆக்கிய 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்பதே அது. போர்க்கள மாதிரிகளை வைத்துப் படை நகர்த்தும் ஆட்டத்திலிருந்து பிறந்தது. படைத் தொகுதி முழுவதையும் நகர்த்துவதற்குப் பதிலாக, ஒருவர் ஒரேயொரு வீரனாக இருப்பது என்பதே அவர்கள் கண்ட புதுமை. மூன்று பகடைகளை உருட்டினால் மூன்று முதல் பதினெட்டு வரை ஓர் எண் கிடைக்கும். அதுவே அவ்வீரனின் வலிமை. இவ்வாறு ஆறு குணங்கள். 1980 இல் அவ்வாட்டத்துக்கென வெளியான நூலொன்றில் ஆதரும் அவன் வீரர்களும், பல நாட்டுத் தெய்வங்களோடு ஒரே வரிசையில் எண்களாக்கப்பட்டனர். 1985 இல் கிரெக் ஸ்டாஃபர்ட் என்பவர் 'பென்ட்ராகன்' என்ற ஆட்டத்தை ஆதர் கதைக்கென்றே ஆக்கினார். உடல் வலிமையை அளப்பதோடு அவர் நிற்கவில்லை. மன்னித்தலும் பழிவாங்கலும், அடக்கமும் செருக்கும், இரக்கமும் கொடுமையும் எனப் பதின்மூன்று குண இணைகளை வகுத்தார். ஒவ்வோர் இணையின் கூட்டுத்தொகையும் இருபது. ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். வீரனின் மனமே களமாகிவிடுகிறது. எண்ணுக்குள் மனிதனை அடக்குவது குறித்து எமக்குள்ள தயக்கங்கள் பல; ஆயினும் பழங்கதையை நன்கு படித்துணர்ந்த ஒருவரின் வேலை இது என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும்.

ஆனால், ஆதரின் வீரராக வேடமேற்கும் வழக்கம் அமெரிக்கர் கண்டுபிடித்ததன்று. சைப்பிரஸ் தீவில் 1223 இல் நடந்த விழாவொன்றில் பிரபுக்கள் வட்டமேசைக் கதைகளை நடித்து விளையாடினர் என்ற செய்தி உண்டு. 1278 இல் வட பிரான்சிலுள்ள ஹெம் என்ற இடத்தில் நடந்த போர் விளையாட்டில், ஆதர் கதை மாந்தராகவே வேடம் புனைந்து வந்தனர். சிங்கத்தோடு திரியும் வீரனாக வந்தவர் ஆர்ட்வா நாட்டுப் பிரபு ரொபேர். இங்கிலாந்தின் மூன்றாம் எட்வேட் மன்னன் 1344 இல் விண்ட்சர்க் கோட்டையில் தனக்கென ஒரு வட்டமேசையை நிறுவப்போவதாக அறிவித்தான். அக்காலத்தில் அவ்வேடம் பூண்டவர் யாவரும் குதிரையும் கவசமும் நிலமும் உடையோர். அவர்தம் குதிரைக்குப் புல் அறுத்தோனுக்கு அவ்வாட்டத்தில் இடமில்லை.

கதையும் அவர்களுக்குத் துணை நின்றது. மலோரி எழுதி 1485 இல் கக்ஸ்டன் அச்சிட்ட பெருநூலில் காரெத் என்ற இளைஞன் வருகிறான். ஆதரின் சமையற்கூடத்தில் ஓராண்டு உழைக்கிறான். கே என்ற வீரன் அவனை ஏளனம் செய்கிறான். பின்னர் அச்சமையற்காரப் பையன் பெருவீரனாய் விளங்குகிறான். உழைப்பவனை உயர்த்திய கதை என்று மகிழ முற்படுகையிலேயே, அவன் மன்னன் மகன், ஆதரின் மருமகன் என்ற உண்மை வெளியாகிறது. சமையற்கூடத்திலிருந்து வீரன் பிறக்கலாம். ஆனால் அவன் ஏலவே அரண்மனையிற் பிறந்தவனாய் இருத்தல் வேண்டும்! இப்பின்னணியில் நோக்கும்போது, சாதி குலம் கேளாமல் மூன்று பகடையை எவர் கையிலும் கொடுக்கும் மேசை விளையாட்டில் ஒரு சனநாயகம் இருக்கிறது. அதனை நாம் குறைத்து மதிப்பிடலாகாது.

இனி எம் மலைகளுக்கு வருவோம். அவ்வருகைக்கு ஒரு விழாவே வாயிலாக அமைகிறது. 1839 ஆகஸ்ட் இறுதியில், ஸ்கொத்லாந்தில் எக்லின்டன் பிரபு தம் மாளிகைத் திடலில் பழைய நைற்மாரின் போர் விளையாட்டொன்றை மீண்டும் நடத்தினார். கவசமணிந்த கனவான்கள் குதிரை மேல் வந்தனர். பெருந்திரளான மக்கள் கூடினர். கொட்டிய மழையில் யாவும் சேறாயின. ஆலைகளும் புகைவண்டிகளும் பெருகிக்கொண்டிருந்த நாட்டில், பிறப்பால் வந்த பெருமை தேய்கிறதே என்ற கலக்கமே அவ்வேடத்துக்குக் காரணம். மறு ஆண்டு, 1840 இல், அதே பிரித்தானிய ஆட்சி இலங்கையில் முடிக்குரிய காணிகள் பற்றிய பன்னிரண்டாம் இலக்கச் சட்டத்தை இயற்றியது. உரிமைப் பத்திரம் காட்டமுடியாத காடும் சேனையும் முடிக்குரியனவாயின. ஏக்கர் ஐந்து ஷில்லிங் என்ற விலையில் கண்டி மலைகள் கோப்பித் துரைமார் கைக்கு மாறின. அங்கே மாளிகைத் திடலிற் பழம்பெருமையை நடித்தவரும் இங்கே நிலத்தைப் பிடித்தவரும் ஒரே வர்க்கத்தின் இரு முகங்கள் என்று கூறின் அது மிகையாகாது.

கண்டி இராச்சியம் வீழ்ந்தது 1815 இல். 1820களிலேயே கம்பளைக்கருகில் சின்னப்பிட்டியிலும், பேராதனைக்கருகில் கன்னொறுவையிலும் கோப்பி பயிரிடப்பட்டது. கன்னொறுவைத் தோட்டம் தேசாதிபதி பார்ன்ஸுக்கே உரியது. உழைப்பதற்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆட்கள் வந்தனர். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர் ஆகிய மாவட்டங்களே அவர்தம் தாயகம். மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியாய் மாத்தளை வரை நடந்து மலையேறினர். வழியிலே மாண்டோர் தொகை பெரிது. கோப்பியை 1869 இற் கண்ட இலை நோய் அழித்தது. அதற்கு இரண்டாண்டு முன்னரே ஹேவாஹெட்டைப் பகுதியில் லூல்கந்துரத் தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். 1892 இல் இறந்த அவரது கல்லறை கண்டி மகியாவையில் இன்றும் இருக்கிறது. கோப்பி பருவப் பயிர். ஆட்கள் வந்து திரும்பினர். தேயிலைக்கு ஆண்டு முழுவதும் ஆட்கள் வேண்டும். அவர்கள் குடும்பமாக லயங்களிற் குடியேறினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அவ்வறைக்குள் தட்டுமுட்டுச் சாமான்களோடு கதைகளும் வந்து சேர்ந்தன.

மலையகத் தோட்டங்களில் ஆடப்பட்ட கூத்துக்களுள் காமன் கூத்து, அருச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் முதன்மையானவை. காமன் கூத்தே பெரிதும் பரவியது. ஆயினும் எமது பொருளுக்கு நெருக்கமானது பொன்னர் சங்கர். ஏனெனில் அது வீரக் குடும்பமொன்றின் கதை. கொங்கு நாட்டில் அண்ணன்மார் சுவாமி கதை என்று வழங்குவது.

கதையைச் சுருங்கச் சொல்வோம். குன்னுடையாக் கவுண்டருக்கும் தாமரைக்கும் பிறந்த இரட்டையர் பொன்னரும் சங்கரும். அண்ணன் பொறுமை மிக்கவன், ஏர்ப்பிடிக்கும் இயல்பினன். தம்பி சங்கரோ சினமே உருவானவன். இவர்க்குத் தங்கை தங்காள், வருவதை முன்கூட்டியே அறியும் ஆற்றல் பெற்றவள். உழவு நிலத்தைப் பரப்பும் அண்ணன்மார்க்கும், காட்டுக்குரிய வேட்டுவர்க்கும், தலையூர்க் காளிக்கும் பகை மூள்கிறது. கொம்பன் என்னும் காட்டுப்பன்றி வயல்களை அழிக்கிறது. அதனை வேட்டையாடிக் கொல்கின்றனர். இறுதியில் வீரமலைச் சாரலில் சங்கர் தன் வாளின் மீதே வீழ்ந்து மடிகிறான். சாம்புவனும் மடிகிறான். பொன்னரும் தொடர்கிறான். தங்காள் அழுது அரற்றித் தேடி வந்து, தெய்வ அருளால் நீர் தெளித்து அண்ணன்மாரைச் சிறிது நேரம் எழுப்பிப் பேசுகிறாள். பின்னர் அவர்கள் மீளா உறக்கம் கொள்கின்றனர்.

கனடா நாட்டு மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965 இற் கொங்குநாட்டுக் கிராமமொன்றில் இக்கதையைப் பாடக்கேட்டு ஒலிப்பதிவு செய்தார். 1982 இல் 'மூன்று இரட்டையர்' எனப் பொருள்படும் தலைப்பில் ஆங்கில நூலொன்றும் எழுதினார். சக்திக்கனல் பதிப்பித்த அண்ணன்மார் சுவாமி கதை 1971 இல் வெளியாயிற்று. மு. கருணாநிதியின் 'பொன்னர் சங்கர்' நாவலாயிற்று. 2011 இல் திரைப்படமுமாயிற்று. திரைப்படத்தைப் பற்றிச் சொல்வதற்கு எம்மிடம் அதிகமில்லை.

இக்கதை நிலவுடைமையாளரின் கதை என்பதை மறைத்துப் பேசுவது நேர்மையாகாது. காட்டை அழித்து வயலாக்கும் கவுண்டரின் பார்வையிலிருந்தே அது சொல்லப்படுகிறது. வேட்டுவர் பகைவர், கம்மாளர் வஞ்சகர். கதையில் ஓயாது உழைத்து, முரசறைந்து, போரிலும் முன்னிற்கும் சாம்புவனோ பறையர் குலத்தவன், பணியாள். அவனுடைய விசுவாசம் புகழப்படுகிறது. அவனுக்கென்று ஒரு நிலம் கதையில் இல்லை. எமது மாணவர் அவனை உடைமைக் கட்டத்தில் எழுதியது அறியாமை எனினும், கதையிலிருந்து அவர்கள் முற்றாகப் பிழையாகப் படித்துவிடவில்லை. இதுதான் எம்மை உறுத்தியது.

ஆனால் கதை ஒன்று, கூத்து வேறொன்று. கண்டி மலைகளில் இக்கதையை ஆடியவர் கவுண்டரின் பேரர் அல்லர். தோட்டத் தொழிலாளருட் பெரும்பான்மையோர் தமிழகத்துச் சாதிப் படிநிலையின் அடியிற் கிடந்த மக்கள். பகலெல்லாம் கங்காணியின் குரலுக்கு அடங்கியவர். பிரட்டுக் களத்திற் பெயர் கூப்பிடக் காத்து நின்றவர். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்கு 'பேர்' என்றே பெயர். கொழுந்தின் நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. ஒரு மனிதனின் பெயரையே பாதியாக வெட்டும் இச்சொல் எந்த நிகண்டிலும் இல்லை. அவர் கடன்பட்ட கணக்கு 'துண்டு' என்னும் சீட்டிலே எழுதப்பட்டு, அச்சீட்டோடு அவரும் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாறினார். 1921 இல்தான் அம்முறை தடை செய்யப்பட்டது. இவ்வாறு வாழ்ந்தவர் இரவில் மஞ்சளும் அரிதாரமும் பூசி, வெள்ளித்தாள் ஒட்டிய மரவாளேந்தி வளநாட்டுத் தலைவராக நின்றனர். ஐரோப்பாவிற் பிரபுக்களே வீரராயினர். இங்கே நிலமில்லாதவர் நிலத் தலைவராயினர். வேடம் தலைகீழாகிவிட்டது. முற்போக்காளராகிய நாம் இதைக் கண்டதும் கைதட்டத் துடிக்கிறோம். சற்றுப் பொறுத்திருக்க வேண்டும்.

மாணவனோடு அவனுடைய தாத்தாவைக் காணச் சென்றோம். எழுபத்தைந்தைத் தாண்டியவர். காலையில் மூட்டம் விலகாத வேளை. லயத்து வாயிலில் அமர்ந்து பேசினார். நாம் கேட்டறிந்ததை இங்கே தருகிறோம்.

அத்தோட்டத்திற் காப்புக் கட்டி, விரதமிருந்து, பொன்னர் சங்கர் ஆடப்பட்டது. சாம்புவன் வேடம் தப்பு அடிக்கும் வீட்டாருக்கே உரியது. மற்றவர் அதனைக் கட்டுவதில்லை. சங்கர் வேடம் 'குடியான' சாதியார் எனப்பட்டோருக்கு உரியது. தப்படிக்கும் வீட்டாருக்கு அது கிடையாது. 1964 ஒக்டோபர் 30 இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 1948 இன் பதினெட்டாம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டோரில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிடப்பட்டனர். எஞ்சிய 150,000 பேரை, 1974 இல் சிறிமாவும் இந்திராவும் 75,000 என்று சரிபாதியாக்கினர். ஆண்டை வாசகர் கவனிப்பாராக. அமெரிக்காவில் மனிதர் விளையாட்டுக்காகத் தம்மை எண்களாக்கிக்கொண்ட அதே ஆண்டு.

தாத்தாவின் தோட்டத்துக்கு அவ்வொப்பந்தம் கூத்தின் வழியாகவும் வந்தது. 1970களின் தொடக்கத்திற் சங்கராக ஆடியவர் குடும்பத்தோடு தலைமன்னாரிற் கப்பலேறினார். பொன்னராக ஆடியவர் இங்கேயே தங்கினார். கதையில் ஒருவரையொருவர் பிரியாத இரட்டையரை மரணமும் பிரிக்கவில்லை. இரு அரசாங்கங்கள் பிரித்தன. போனவர் பின்னர் கூடலூர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ததாகக் கடிதம் வந்ததாம்.

சங்கர் இல்லாமற் கூத்து எவ்வாறு நடக்கும்? சங்கரின் பாட்டும் வசனமும் ஒன்றுவிடாமல் அறிந்தவர் ஒருவரே இருந்தார். ஒவ்வோராண்டும் அவன் பக்கத்தில் நின்று தப்படித்த சாம்புவன், அதாவது எமது மாணவனின் தாத்தா. அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அவரே ஆடட்டும் என்று இளைஞர் சிலர் சொன்னார்கள். பெரியவர்கள் மறுத்தார்கள். தப்படிக்கிற வீட்டுப் பையன் சங்கராக நின்றால், பொன்னர் அவனைத் தம்பி என்று எவ்வாறு தழுவுவது? படுகளத்தில் வீழ்ந்தவன் மீது எந்த வீட்டுத் தண்ணீரைத் தெளிப்பது? மூன்று ஆண்டு கூத்து நடைபெறவில்லை. நான்காம் ஆண்டு ஒரு 'குடியான' வீட்டு இளைஞனைத் தெரிந்தெடுத்தனர். அவனுக்குப் பாட்டு ஒன்றும் தெரியாது. கற்பித்தவர் தாத்தாவே. பல இரவுகள் லயத்துக்குப் பின்புறம் அமர்ந்து, தம் நாவிலிருந்த சங்கரைச் சிறிது சிறிதாக மற்றவன் நாவில் இறக்கினார். பின்னர் தப்பைக் காய்ச்சிக்கொண்டு சாம்புவனாக அவன் பக்கத்தில் நின்றார்.

"கோவம் வரலையா தாத்தா?" என்று பேரன் கேட்டான்.

"வந்துச்சி. ஆனா கூத்து நின்னுபோச்சின்னா அது அதவிடப் பெரிய கோவமா இருந்திருக்கும்" என்றார்.

இச்செய்தி எமது கட்டுரையின் போக்கைக் குழப்பிவிட்டதை வாசகரிடம் மறைக்கவில்லை. 'மக்கள் கலை' என்று ஒரே சொல்லிற் கூறி அமைதி காண விரும்பினோம். ஆனால் துரை மறுத்ததைக் கூத்து கொடுத்தது எனில், அக்கூத்துக்குள்ளேயே தொழிலாளி தொழிலாளிக்கு மறுத்ததும் இருக்கிறது. ஹெம் விழாவில் குதிரைக்காரனுக்கு இடமில்லாததும், எம் தோட்டத்தில் தப்புக்காரனுக்குச் சங்கர் வேடம் இல்லாததும் முற்றிலும் வேறு வேறு என்று சொல்ல எமக்கு நா எழவில்லை. 1940 சனவரியில் ஹேவாஹெட்டை முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தம் நடந்தபோது, கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டிற் பலியானார். அன்று சாதி கடந்து திரண்டவர்களின் பிள்ளைகளே முப்பதாண்டின் பின்னர் எந்த வீட்டுத் தண்ணீர் என்று கேட்டனர் என்றால், போராட்டம் விட்டுவைத்த இடங்கள் எவை என்பதைச் சங்கத் தலைவர்களின் அறிக்கைகளிற் காணமுடியாது, கூத்திலே காணலாம். (கோவிந்தனையும் விளையாட்டிற் பாத்திரமாக்கலாமா என்று மாணவி ஒருத்தி கேட்டாள். வேண்டாம் என்றோம். ஏன் என்று கேட்டாள். உரிய விடை எம்மிடம் இன்றும் இல்லை. அவர் இறந்தது கதையில் அன்று என்று மட்டும் சொன்னோம்.)

கற்றோர் செய்ததையும் இங்கே ஒரு வரி சொல்ல வேண்டும். 1956 இல் எதிரிவீர சரச்சந்திர 'மனமே' நாடகத்தை அரங்கேற்றியபோது, அதன் நாடகம மரபுக்குத் தமிழ்க் கூத்தோடுள்ள உறவு பேசப்பட்டது. 1960களிற் பேராதனைப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலியவற்றை மேடையேற்றி ஈழத்துக் கூத்துக்குப் புத்துயிர் அளித்தார். அளப்பரிய பணி. எனினும் அதன் மையம் மட்டக்களப்பு மரபாகவே இருந்தது. பல்கலைக்கழகம் அமைந்திருப்பதோ ஹந்தானை மலைச்சாரலில். அம்மலையின் மேலே தேயிலையும் லயமும். நாமும் அங்கேதான் தமிழ் கற்றோம். மேலிருந்து வந்த தப்போசை எந்தப் பாடத்துக்குரியது என்று அக்காலத்தில் நாமும் கேட்டதில்லை.

தாத்தாவிடம் மாணவர் தம் தாள்களைக் காட்டினர். எண்கள் எதற்கு என்று கேட்டார். விளக்கினோம். பென்ட்ராகன் முறையைப் பின்பற்றிச் சங்கரின் சினத்துக்குப் பதினெட்டு, பொறுமைக்கு இரண்டு என்று எழுதியிருந்தனர். பகடையில் பதினெட்டோ அதற்குக் குறைவோ விழுந்தால் சங்கர் சினந்தெழுவான். இருபது முகமுடைய பகடையைக் கையிலெடுத்துப் பார்த்து, கண்ணாடிப் பாக்கு மாதிரி இருக்கிறது என்று சிரித்தார். பின்பு சிரிப்பை நிறுத்திவிட்டு, "தப்பு யாரு அடிக்கிறது?" என்றார்.

மேசையில் தப்பு இல்லை என்றனர்.

"அப்ப சங்கருக்குக் கோவம் எப்பிடி வரும்?"

அவர் விளக்கியதை எமது சொற்களில் எழுதுவோம். ஆட்டக்காரன் தன் மனம்போலச் சினந்தெழுவதில்லை. தப்பின் அடி மாறும்போதே எழுகிறான். வழிநடை அடி, வேட்டை அடி, போர் அடி, படுகள அடி என்று அவை வேறு வேறு. சங்கர் களைத்துவிட்டானா, அவன் குரல் கட்டிவிட்டதா, கூட்டம் தூங்குகிறதா என்பதைப் பார்த்துச் சாம்புவனே அடியை மாற்றுவான். விடியுமுன் படுகளம் வரவேண்டுமாகையாற் கதையை விரைவாக்குவதும் மெதுவாக்குவதும் அவன் கையில். சில ஆண்டுகளில், தாம் கற்பித்த சங்கர் மேல் வருத்தம் மேலிட்டபோது, வேட்டை அடியை வேண்டுமென்றே நீட்டி அவனை மூச்சிரைக்க ஆடவைத்ததாகவும் சொன்னார். பாட்டை மறந்து விழித்தபோது, தப்போசைக்குள்ளே அடுத்த அடியை முணுமுணுத்து எடுத்துக் கொடுத்ததும் உண்டாம். கேட்டுக்கொண்டிருந்தோருக்கு அது தெரியாது.

பெக் பதிவு செய்த கதையில், கொம்பனை வீழ்த்த உதவுவது அண்ணன்மார் தம்முடன் அழைத்துச் செல்ல மறந்துவிட்ட ஒரு சின்னஞ்சிறு பெட்டைநாய். மறக்கப்பட்டதன் சினத்தால் அது முதலில் அவர்களை வருத்திவிட்டே உதவ வருகிறது. அதனை மாணவருக்குச் சொன்னபோது, உடைமைக் கட்டத்தை எழுதியவன் தலைகுனிந்துகொண்டான். அவனைக் குறைகூற நாம் அதைச் சொல்லவில்லை.

பின்வந்த வாரங்களில் தாள்கள் மாறின. சாம்புவனுக்குத் தனித்தாள் ஒன்று வந்தது. முதலில் அவனுக்கும் வலிமை இத்தனை, விசுவாசம் இத்தனை என்று எழுதினர். விசுவாசத்துக்கு இருபதுக்கு இருபது என்று ஒருவன் போட, கலஹா மாணவன் அதை அழித்தான். அவ்வெண்ணை ஆட்டக்காரனே ஒவ்வோர் இரவும் தீர்மானிக்க வேண்டும் என்றான். சாதியைத் தாளில் எழுதுவதா என்று நெடிய வாதம் நடந்தது. எழுதினால் மீண்டும் அதே கட்டுக்குள் அடைப்பதாகும் என்றனர் சிலர். எழுதாவிட்டால் பொய் சொல்வதாகும் என்றாள் அம்மாணவி. கதைக்குள் எழுதுவது, ஆனால் எவரும் எவ்வேடமும் கட்டலாம் என்று முடிவாயிற்று. வாக்கெடுப்பில் நால்வருக்கு இருவர்.

சினத்துக்கும் புதிய விதி ஒன்று வகுத்தனர். சங்கராக இருப்பவர் தாமாகப் பகடையை உருட்டலாகாது. சாம்புவனாக இருப்பவர் மேசையில் விரல்களால் தட்டி அடியை மாற்றும்போதே உருட்டலாம்.

சென்ற தவணையின் கடைசி வெள்ளிக்கிழமை அவர்கள் பன்றி வேட்டைக்குப் புறப்பட்டபோது நாமும் ஓரத்தில் அமர்ந்திருந்தோம். வெளியே மழை. சங்கராக இருந்தவன் அன்று உடைமைக் கட்டத்தை எழுதிய மாணவன். சாம்புவனாக இருந்தவன் தாத்தாவின் பேரன். கொம்பன் வயலை உழக்கிக்கொண்டு எதிரே வந்துவிட்டது. சங்கர் பகடையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். பேரன் இரு கைகளையும் மேசை மீது வைத்திருந்தான், தட்டவில்லை. "தட்டன்" என்றான் சங்கர். "முதல்ல என்னயக் கேளு" என்றான் சாம்புவன்.